உளப்பிணியும் உரையாடற் சிகிச்சையும்

மனச்சோர்வும் பதகளிப்பும் உற்றோர் பலர்க்கு, முறையாகப் பயின்றவர் நடத்தும் உரையாடற் சிகிச்சை மருந்துக்கு நிகரான பயன் தரும் என்பது ஆராய்ச்சியால் தெளிந்த உண்மையாகும். எனினும், ஒரு சிகிச்சையின் பயன் அறியப்படுதல் ஒன்று. அஃது எளியோர்க்கும் கிட்டுதல் பிறிதொன்று.

இங்கிலாந்திலே மருத்துவ நெறிகளை வகுக்கும் தேசிய நிலையம் 2004ஆம் ஆண்டில் இச்சிகிச்சையை விதந்துரைத்தது. ஆயினும், சிகிச்சையளிக்கவல்லார் தொகை சிறிதாதலின், அரசாங்கச் சுகாதார சேவையை நம்பியோர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. பொருளியலறிஞர் றிச்சாட் லெயாட், உளவியலறிஞர் டேவிட் கிளாக் ஆகிய இருவரும் இக்குறையை நீக்க முற்பட்டனர். நோயுற்றோர் குணமடைந்து தொழிலுக்கு மீளின், அரசு வழங்கும் உதவிப்பணம் குறையும். அம்மிச்சமே சிகிச்சைச் செலவை ஈடுசெய்யும் என்பது அவர்தம் வாதம்.

2006இல் டொன்காஸ்ரர், நியூஹாம் என்னும் ஈரிடங்களிற் பரீட்சிக்கப்பட்டபின், 2008இல் இத்திட்டம் நாடளாவ விரிக்கப்படலாயிற்று. ஆயிரக்கணக்கான சிகிச்சையாளர் புதிதாகப் பயிற்றப்பட்டனர். நோய் இலேசாயின் வழிகாட்டலுடன் கூடிய சுயமுயற்சியும், கடிதாயின் தேர்ந்த சிகிச்சையாளரின் உதவியும் அளிக்கப்படுகின்றன. வைத்தியரின் கடிதமின்றி நோயாளர் தாமே சென்று உதவி நாடலாம். ஒவ்வொரு சந்திப்பிலும் அவர்தம் நிலை வினாக்கொத்தினால் அளக்கப்படுகின்றது. நூற்றுக்கு 75 பேர்க்கு ஆறு வாரத்தினுள் சிகிச்சை தொடங்குதல் வேண்டும் என்றும், முடித்தோரில் அரைவாசிப் பேர் குணமடைதல் வேண்டும் என்றும் நியதி வகுக்கப்பட்டது.

எனினும், வறியோர் மிகுந்த பகுதிகளிற் குணமடைவோர் விகிதம் குறைந்தே காணப்படுகின்றது. சிகிச்சை முடிந்தபின்னும் அவர் மீள்வது அதே கடனுக்கும் அதே நெருக்கடிக்குமேயாம். ஆதலின், சிகிச்சையின் வாயிலை யாவர்க்கும் திறந்துவைத்தல் இன்றியமையாததாயினும், நோயை வளர்க்கும் வறுமையைக் களைதலும் அதனோடு ஒருங்கு நிகழ்தல் வேண்டும்.