தாகம் கேட்காத முதுமை

கடலையே குடிநீராக்கிய ஊர் காட்டுப்பள்ளி! நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆற்றலுடன் 2010-இல் அங்கே ஆலை எழுந்தது. அதே ஊரில், மகன் துறைமுகத்துக்கும் மருமகள் கூலிக்கும் போனபின், திண்ணையில் சாய்ந்துள்ள ஆயாவுக்கு ஒரு செம்பு நீர் கொடுப்பது யார்?

"கடற்கரைதானே, காற்று வருமே!" என்பர். காற்று வரும்; ஈரமும் கூடவே வரும். ஈரக்காற்றில் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. முதுமையிலோ தாக உணர்வே மங்கிவிடும். அவர்களாகக் கேட்கட்டும் என்றிருப்பது ஆபத்து!

2003 கோடையில் பிரான்சு நாட்டில் வெப்பத்தால் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். பெரும்பாலோர் முதியோர், தனித்திருந்தோர் பலர். செல்வம் இருந்தது, கதவைத் தட்டத்தான் ஆளில்லை!

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என 2024-இல் தமிழக அரசு அறிவித்தது. மாண்டவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்போம்! ஆனால், நிதி வருவது உயிர் போனபின். நீர் தரவேண்டியது உயிர் இருக்கையில்!

தோழர்களே! பகல் 12 முதல் 3 வரை முதியோரை நிழலில் இருத்துங்கள். மருத்துவர் தடுக்காதவரை, மணிக்கொருமுறை நீரோ மோரோ கொடுங்கள். ஈரத்துணியால் உடலைத் துடையுங்கள். உடல் கொதித்துப் பேச்சுக் குழறினால், உடனே 108-ஐ அழையுங்கள். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.

கடல்நீரைக் குடிநீராக்கிய ஊரில் கிழவி நாவறண்டு சாகலாமா?