வள்ளம் ஓட மண்ணெண்ணெய்தான் வேண்டுமா?

குளச்சல் கரையில் வள்ளத்தின் அவுட்போர்டு எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இரண்டுமே கச்சா எண்ணெயின் பிள்ளைகள். நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. வளைகுடாவில் போர் மூண்டால் குளச்சலில் தொழிலுக்குப் போகும் செலவும் ஏறும். இதற்கு மாற்று உண்டா?

காற்று

ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து வீசுவதால் முப்பந்தலில் காற்றாலைகள் பெருகின. கடலுக்குள்ளும் காற்றாலை அமைக்க 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தலா 500 மெகாவாட். ஆனால் பருவம் ஓய்ந்தால் உற்பத்தி சரியும். சேமிக்க மின்கலங்கள் வேண்டும்.

தோரியம்

பக்கத்து மணவாளக்குறிச்சியின் கருமணலில் மோனசைட் இருக்கிறது. அதில் தோரியம் உண்டு. தோரியம் தானாகப் பிளந்து ஆற்றல் தராது. அணு உலையில் நியூட்ரானை ஏற்று யுரேனியம்-233 ஆக மாற வேண்டும். அணு விஞ்ஞானி ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தில் இது கடைசிக் கட்டம். அதற்கு இன்னும் காலம் பிடிக்கும். மணல் அள்ளினால் கரை அரிக்கும், கதிர்வீச்சு கூடும் என்ற கடலோர மக்களின் அச்சத்துக்கும் பதில் வேண்டும்.

விடுபடும் கேள்வி

இந்தியாவில் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் பிறக்கிறது. எண்ணெயின் பங்கு மிகச் சொற்பம். எனவே காற்றாலையும் அணு உலையும் நேரடியாகக் குறைப்பது நிலக்கரியை. எண்ணெய் எரிவது லாரியில், பேருந்தில், பைக்கில், வள்ளத்தில். இவை மின்சாரத்தில் ஓடினால்தான் இறக்குமதி குறையும்.

பல நாள் கடலில் தங்கும் விசைப்படகுக்கு இன்றைய மின்கலம் போதாது. விடியலில் போய் அன்றே கரையேறும் வள்ளத்துக்கு அது எட்டாத தொலைவில் இல்லை. கரையில் மின்னேற்று நிலையம், உப்புக்காற்றைத் தாங்கும் மோட்டார், வாங்க மானியம் ஆகிய மூன்றும் சேர வேண்டும்.

மாறாக, குமரிக் கடலில் மீன்வளம் மிகுந்த வாட்ஜ் பேங்க் பகுதி அருகே எண்ணெய் தேடுவது, ஒரு பொருளுக்காக இன்னொரு வாழ்வாதாரத்தைப் பணயம் வைப்பதாகும். மண்ணெண்ணெய் மானியத்தை நிறுத்தாமலே, மின் வள்ளங்களுக்கான முதல் சோதனையை அரசு குளச்சலில் தொடங்கட்டும். திட்டம் தீட்டும் மேசையில் மீனவர்களுக்கும் இடம் தரட்டும்.