ஷாங்காயிலிருந்து வீட்டுக்குச் செய்தி

2023 டிசம்பர் 1 முதல் மலேசியர்கள் விசா இன்றிச் சீன நாட்டுக்குச் சென்றுவர வழி பிறந்தது. அதன்பின் நம்மவர் பலரும் ஷாங்காய் போன்ற பெருநகரங்களைக் கண்டு வருகின்றனர். சென்றவர் நலமாகவே இருப்பார். ஆனால் போய்ச் சேர்ந்த செய்தி மட்டும் வாராது. தோட்டத்து வீட்டிலே பாட்டி கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உறங்காமல் காத்திருப்பார். இக்கலக்கம் எதனால் நேர்கிறது என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

சீன நாட்டு இணையத்திற்கு வாயிற்காவல் உண்டு. அங்கிருந்து வெளிநாடு செல்லும் செய்திகள் அவ்வாயிலைக் கடந்தே செல்லவேண்டும். ஃபேஸ்புக்கும் யூடியூபும் 2009ஆம் ஆண்டிலும், நாம் புலனம் என்று வழங்கும் வாட்ஸ்அப் 2017ஆம் ஆண்டிலும் அவ்வாயிலில் தடுக்கப்பட்டன. கூகள் தேடலுக்கும் ஜிமெயிலுக்கும் அதே நிலைதான். அங்கு வாங்கும் சிம் அட்டையும், தங்கும் விடுதியின் வைஃபையும் இவ்வாயில் வழியாகவே செல்வதால் அவற்றில் புலனம் இயங்காது.

ஆயின், நம் நாட்டு சிம் அட்டையில் ரோமிங் சேவையைத் திறந்துகொண்டு சென்றவருக்கு அதே புலனம் இயங்குவதைக் காண்கிறோம். இஃது எவ்வாறு? அஞ்சல் பையை நினைத்துப் பாருங்கள். முத்திரையிட்ட பை வழியில் எங்கும் பிரிக்கப்படாமல், உரிய அஞ்சலகத்தில்தான் பிரிக்கப்படுகிறது. ரோமிங்கில் செல்லும் செய்தியும் பெரும்பாலும் அவ்வாறே கட்டப்பட்டு, மலேசியாவிலுள்ள நம் தொலைபேசி நிறுவனத்தை அடைந்த பின்னரே இணையத்தில் கலக்கிறது. எனவே சீன வாயில் அதனைத் தடுப்பதில்லை.

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். ரோமிங்கிற்குப் பணம் கட்டியிருப்பர். முன்னர் ஒருமுறை இணைத்த விடுதி வைஃபையை, அறைக்குள் நுழைந்ததும் கைப்பேசி தானாகவே பற்றிக்கொள்ளும். அந்நொடியே புலனம் ஊமையாகிவிடும். வைஃபையை அணைத்தால் போதும், செய்தி சென்றுவிடும். ரோமிங் கட்டணம் நாளொன்றுக்கு எவ்வளவு என்பதைப் புறப்படுமுன் கேட்டறிக. கேளாதவர் பின்னர் பில்லைக் கண்டு திகைப்பர்!

ரோமிங் வேண்டாதவர் வீசாட் செயலியை நாடலாம். 2011இல் தோன்றிய இச்செயலி சீனாவில் எந்த வைஃபையிலும் இயங்கும். ஆனால் அதனை இங்கிருக்கும்போதே பாட்டியின் கைப்பேசியிலும் சேர்த்துப் பழக்கவேண்டும். புதிதாகச் சேர்பவருக்கு, முன்பே அதில் இருப்பவர் ஒருவர் உறுதியளிக்க வேண்டிவரும். நம் சீன அண்டை வீட்டார் இவ்வுதவியை மனமுவந்து செய்வர். அதில் எழுதுபவை கண்காணிக்கப்படலாம் என்பதையும் மறத்தலாகாது.

இணையம் முற்றும் இல்லாதபோதும் ரோமிங் உள்ள சிம் அட்டையில் சாதாரணத் தொலைபேசி அழைப்பு உண்டு. 60 என்னும் நம் நாட்டு எண்ணைச் சேர்த்து அழைத்தல் வேண்டும். நேரக் கணக்கும் வேண்டியதில்லை. 1982ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே வைக்கப்பட்டதைப் பெரியோர் நினைவில் வைத்திருப்பர். இன்று ஷாங்காயில் இரவு எட்டு மணியாகும்போது பாட்டியின் வீட்டிலும் எட்டு மணியே.