பஸ்சில் இருந்து 'கெட் டவுன்' ஆகலாமா? இறங்குறதுக்கு இங்கிலீஷில் 3 விதம்

தாம்பரம்-வேளச்சேரி ரோட்டில் பஸ்சில் வருகிறவர்கள் 'ஐ வில் கெட் டவுன் அட் செம்பாக்கம்' என்று சொல்வது சகஜம். நம்ம ஊரில் இது எல்லோருக்கும் புரியும். தமிழில் பஸ், கார், மரம் எதுவானாலும் 'இறங்கு' என்ற ஒரே சொல்தான். அந்தப் பழக்கத்தில் வந்ததுதான் இது.

ஆனால் இங்கிலாந்து, அமெரிக்காவில் வண்டிக்கு வண்டி சொல் மாறும்.

* உள்ளே நின்று நடக்க இடம் உள்ள பஸ், ரெயில், விமானம் என்றால் 'கெட் ஆஃப்'. பைக்குக்கும் இதேதான். 'ஐ வில் கெட் ஆஃப் அட் செம்பாக்கம்' என்று சொல்ல வேண்டும்.

* குனிந்து ஏறி உட்காரும் கார் என்றால் 'கெட் அவுட் ஆஃப் தி கார்'.

* மரம், ஏணிக்குத்தான் 'கெட் டவுன்'.

கால் டாக்சி டிரைவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் ஏறிய வெளிநாட்டு பயணியிடம் மொட்டையாக 'கெட் அவுட்' என்றால், 'வெளியே போ' என்று விரட்டுவது போல ஆகிவிடும். 'வி ஆர் ஹியர், சார்' என்றாலே போதும், அவரே இறங்கிவிடுவார்.

வெளிநாட்டு வேலைக்கு போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. தரையில் நிற்கும்போது யாராவது 'கெட் டவுன்' என்று கத்தினால், 'எங்கே இருந்து இறங்குறது?' என்று யோசித்து நிற்கக்கூடாது. ஆபத்து வருகிறது, உடனே குனி, இல்லை கீழே படு என்று அர்த்தம்.