உறைந்த எலியும் பசித்த பாம்பும்

பாம்பு உயிருள்ள இரையைப் பிடித்துத்தான் தின்னும் என்று படித்திருப்பீர்கள். ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் அதற்குக் கொடுப்பது செத்த எலியை. அதுவும் ஃப்ரீசரில் கல்லாக உறைந்துபோன எலியை! முடி முளைக்காத எலிக்குஞ்சு முதல் பெரிய எலி வரை எல்லா அளவிலும் கடையில் பையில் போட்டு விற்கிறார்கள். பாம்பின் உடம்பில் பருமனான இடம் எவ்வளவு தடிமனோ, ஏறக்குறைய அவ்வளவு பருமனுள்ள எலியாகப் பார்த்து வாங்கவேண்டும்.

உயிருள்ள எலியையே கூண்டுக்குள் விட்டால் என்ன? காட்டில் எலிக்கு ஓட இடம் உண்டு, பாம்புக்கு விலகிப்போக இடம் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டுக்கும் வழியில்லை. உயிர்பயத்தில் எலி கடித்துக் குதறும். பசியில்லாமல் படுத்திருக்கும் பாம்பின் தோலைக் கொறித்து எலும்பு தெரியும் அளவுக்குக் காயப்படுத்திய எலிகள் உண்டு. கண்ணை இழந்த பாம்புகளும் உண்டு. எலி படும் பாட்டையும் நாம் நினைத்துப்பார்க்க வேண்டும். எனவே, தீனிக்கான எலிகளைக் கரியமில வாயு மூலம் மயக்கமடைய வைத்து இறக்கச் செய்து, பிறகு உறைய வைக்கிறார்கள். உறையும்போது எலியின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகள் பலவும் அழிந்துவிடுகின்றன.

சரி, உறைந்த எலியை எப்படி உருக்குவது? முதல் நாள் இரவே மூடிய பையோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவது நல்ல வழி. வெளியே வெப்பத்தில் நெடுநேரம் போட்டுவைத்தால் பாக்டீரியா பெருகும். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவே கூடாது. ஓரிடம் பனியாகவே இருக்க, இன்னோரிடம் வெந்துபோகும்; வயிறு வெடித்தும்விடும். உருகிவிட்டதா என்று பார்க்க, பையின் மேலேயே விரலால் எலியின் வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள். தோல் மெத்தென்று இருக்கும், உள்ளே மட்டும் ஒரு கட்டி விரலில் தட்டுப்படும். அப்படியென்றால் நடுவில் இன்னும் பனி இருக்கிறது, பொறுக்கவேண்டும். பாம்பு தன் உடலிலேயே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும் பிராணி அல்ல. உள்ளே போன குளிர்ந்த எலி செரிக்காமல் கிடந்தால் பாம்பு அதைக் கக்கிவிடும்.

உருகியதோடு வேலை முடியவில்லை. கொடுப்பதற்குச் சற்றுமுன் எலியைப் பையோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்குவார்கள். உயிருள்ள எலியின் உடல் சூடு ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ். அந்தச் சூடு இல்லாவிட்டால் சில பாம்புகள் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு அப்படிப்பட்டது. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும்; அதனால் இந்தப் பெயர். அதன் உதட்டோரம் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். இரையின் உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை அந்தக் குழிகள் உணர்கின்றன. கும்மிருட்டிலும் எலி எங்கே இருக்கிறது என்று பாம்புக்குத் தெரிந்துவிடும். நம் காடுகளில் வாழும் மலைப்பாம்புக்கும் குழிவிரியனுக்கும்கூட இத்தகைய குழிகள் உண்டு. இப்படி வெப்பத்தை உணரக் காரணமான புரதத்தை 2010-இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். டிஆர்பிஏ1 என்பது அதன் பெயர். அதே புரதம் நம் உடலிலும் இருக்கிறது! அரைத்த கடுகின் நெடி மூக்கில் ஏறுகிறதே, அதை நமக்கு உணர்த்துவது அதுதான். அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸ், மிளகாயின் எரிச்சலை ஆராய்ந்து, வெப்பத்தை நரம்புகள் எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்ததற்காக 2021-இல் நோபல் பரிசு பெற்றார்.

அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக்குக்கு இந்தக் குழிகள் கிடையாது. அது நாக்கை நீட்டி நீட்டி வாசனைத் துகள்களைச் சேர்த்து, வாயின் மேற்புறத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோகிறது. சூடான எலியின் வாசனை நன்றாகப் பரவுவதால் அதற்கும் சூடு உதவுகிறது.

எலியை நீளமான இடுக்கியில் பிடித்து, ஓடுவது போல லேசாக அசைப்பார்கள். கையால் பிடித்தால் ஆபத்து. கையும் சூடு, எலியும் சூடு. பாம்பு எதைக் கவ்வும் என்று சொல்லமுடியாது.

செத்த எலியாக இருந்தாலும் பாம்பு அதைச் சுற்றி வளைத்து நெரிக்கும். எவ்வளவு நேரம் நெரிக்கவேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. செத்த எலிகளைச் சூடாக்கி, அவற்றின் நெஞ்சுக்குள் துடிக்கும் செயற்கை இதயத்தைப் பொருத்தி போவா பாம்புகளிடம் கொடுத்தார்கள். துடிப்பு இருந்தவரை பாம்புகள் கூடுதல் அழுத்தத்தோடு நெடுநேரம் நெரித்தன. துடிப்பை நிறுத்தியதும் சற்று நேரத்தில் பிடியை விட்டன. உயிருள்ள இரையையே பார்த்திராத பாம்புகளும் அப்படியே செய்தன. அதாவது, இது பிறவியிலேயே வந்த திறமை.

விழுங்கிய பிறகு இரண்டு நாளாவது பாம்பைத் தொடக்கூடாது. அப்போது அதன் உடம்புக்குள் பெரிய வேலை நடக்கிறது. பர்மிய மலைப்பாம்பு இரை விழுங்கிய 48 மணி நேரத்துக்குள் அதன் இதயம் சுமார் 40 சதவீதம் பெரிதாகிவிடுகிறது. செரித்து முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்புகிறது! அந்த நேரத்தில் தூக்கி விளையாடினால் பாம்பு இரையைக் கக்கிவிடலாம். பாம்பு தொடாமல் விட்ட எலியை மறுபடி உறையவைக்காமல் எறிந்துவிட வேண்டும்.

இன்னொன்று முக்கியம். உறையவைத்தாலும் சால்மோனெல்லா கிருமி சாகாது. 2010-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் உறைந்த எலிகள் மூலம் அது மனிதர்களுக்குப் பரவியது. ஆகவே எலிப் பையை நம் சாப்பாடு இருக்கும் ஃப்ரீசரிலோ ஃப்ரிட்ஜிலோ வைக்காமல், தனியாக வைப்பது நல்லது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அதைத் தொடவே கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, தோட்டத்தில் கண்ட சாரைப்பாம்பைப் பிடித்து வளர்க்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் அதை அடிக்கவேண்டாம். தள்ளி நின்று, பெரியவர்களிடம் சொல்லி, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ தகவல் கொடுக்கச் சொல்லுங்கள்.