ஸீஸர் மாண்டான், பெயர் ஆண்டது

சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஜூன் மாதத்தின் கடைசித் தாளைக் கிழித்ததும், அடியிலிருந்து ரோமாபுரி வீரன் ஒருவனுடைய பெயர் தலைகாட்டுகிறது. பிறகு முப்பத்தொரு நாட்கள் பால் கணக்கிலும், வாடகை ரசீதிலும், பள்ளிக்கூடச் சம்பளச் சீட்டிலும் அந்தப் பெயரையே எழுதுகிறோம். அது ஒரு மனிதனுடைய பெயர் என்ற நினைவே எழுதும் கைக்கு வருவதில்லை. ஆம், ஜூலை என்பது ஜூலியஸ் ஸீஸரின் பெயர்தான்!

ரோமர்களின் பழைய வருஷம் மார்ச்சு மாதத்தில் பிறந்தது. ஆகவே அதன் ஐந்தாம் மாதத்துக்கு ‘க்விண்டிலிஸ்’, அதாவது ‘ஐந்தாவது’ என்றே பெயர். அடுத்தது ‘ஸெக்ஸ்டிலிஸ்’, ‘ஆறாவது’. குழம்பிக் கிடந்த நாட்கணக்கை ஸீஸர் சீர்திருத்தினான். வருஷத்துக்கு 365 நாட்கள், நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு நாள் மிகுதி என்ற முறை கி.மு. 45-இல் நடைமுறைக்கு வந்தது. மறு வருஷம் மார்ச்சு 15-ஆம் தேதி, செனட் கூட்டத்தில், நம்பியவர்களின் கத்திக்கே அவன் இரையானான். அவன் பிறந்த ஐந்தாம் மாதத்துக்கு அந்த வருஷமே அவன் பெயரை இட்டார்கள். ஸீஸரின் சுவீகார புத்திரனான அகஸ்டஸ், அந்த நாட்கணக்கில் பிற்பாடு நேர்ந்த பிழையைத் திருத்தினான். கி.மு. 8-இல் ஆறாம் மாதம் அவனுக்கு உரியதாயிற்று.

இதைக் கண்டு பின்வந்தவர்களுக்கும் ஆசை பிறந்ததில் வியப்பென்ன? டைபீரியஸ் மட்டும் விவேகி. தன் பெயரையும் ஒரு மாதத்துக்கு இட முன்வந்தவர்களிடம், “ஸீஸர்கள் பதின்மூன்று பேர் ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்ற கருத்தில் கேட்டு மறுத்துவிட்டானாம். நீரோ அப்படியல்ல, ஏப்ரலுக்குத் தன் பெயரைச் சூட்டினான். டொமிஷியன் செப்டம்பர், அக்டோபர் இரண்டையும் பிடித்துக்கொண்டான். அவர்கள் மாண்டதும் அப்பெயர்களும் மாண்டன. ஆணையினால் ஒரு பெயரை வாயில் திணிக்கலாம். ஆணையிட்டவன் போனபின்னும் அது அங்கே தங்குமா என்பது ஜனங்களின் இஷ்டம்.

மற்றொரு விசித்திரமும் உண்டு. ஸீஸர் சக்கரவர்த்தியாக முடிசூடியவன் அல்லன். ‘ஸீஸர்’ என்பது பட்டமும் அன்று, வெறும் குடும்பப் பெயர். நீரோவுடன் கி.பி. 68-இல் அக்குடும்பத்தின் அரசுரிமை முடிந்தது. ஆயினும் பின்னர் அரியணை ஏறியவர்கள், எவ்வித உறவும் இல்லாதிருந்தும், அப்பெயரையே சூடிக்கொண்டார்கள். அன்றே பெயர் பட்டமாகிவிட்டது. பண்டை ரோமர்கள் அதை ‘கைஸர்’ என்றே ஒலித்தனர். ஜெர்மானியர் வாயில் அது ‘கெய்ஸர்’ ஆயிற்று. ஸ்லாவியர் வாயில் ‘ஜார்’ ஆயிற்று. 1547-இல் நான்காம் ஐவான் ருஷ்யாவின் ஜாராக முடிசூடினான்.

இத்தகைய பேறு ஸீஸருக்கு மட்டும் வாய்த்ததன்று. கி.பி. 800-இல் ரோமாபுரியில் முடிசூடிய பிராங்கியர் மன்னன் சார்லமேனின் இயற்பெயர் ‘கார்ல்’. அவனுக்கு அஞ்சிய அண்டை நாட்டு ஸ்லாவியர் அப்பெயரையே ‘அரசன்’ என்பதற்குச் சொல்லாக்கிக் கொண்டனர் என்பது மொழிநூலார் துணிபு. ருஷ்ய மொழியில் ‘கரோல்’, போலிஷ் மொழியில் ‘க்ரூல்’, ஹங்கேரியர் மொழியில் ‘கிராய்’ எல்லாம் அந்தக் கார்லின் வாரிசுகளே!

ஸீஸரின் பெயர் நம் நாட்டுக்கும் வந்தது. பாரசீக மொழியில் ரோமச் சக்கரவர்த்திக்குக் ‘கைஸர்’ என்று பெயர். அதை எடுத்து, 1877 ஜனவரி 1-இல் டில்லி தர்பாரில், விக்டோரியா மகாராணிக்குக் ‘கைஸர்-இ-ஹிந்த்’ என்று பட்டம் கட்டினார்கள். அங்கே பீரங்கி முழங்கிய அதே நாட்களில், இங்கே சென்னை மாகாணத்தில் ஜனங்கள் பசியால் மடிந்துகொண்டிருந்தார்கள். பட்டம் பிரகடனங்களிலும் பதக்கங்களிலும் நின்றது. தமிழ் மக்களின் வாயில் அக்காலத்துக்கு நிலைத்த பெயரோ ‘தாது வருஷப் பஞ்சம்’ என்பதே!

காந்தியடிகளுக்கும் 1915-இல் ‘கைஸர்-இ-ஹிந்த்’ தங்கப் பதக்கம் அளித்தார்கள். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிய 1920 ஆகஸ்டு 1-ஆம் தேதி அதை அவர் வைசிராய்க்குத் திருப்பி அனுப்பிவிட்டார். ருஷ்ய ஜார் 1917-இல் வீழ்ந்தான். ஜெர்மன் கெய்ஸர் மறு வருஷம் வீழ்ந்தான். 1948 ஜூன் மாதத்தில் இந்தியாவின் சக்கரவர்த்தி என்ற பட்டமும் சட்டப்படி ஒழிந்தது. இரண்டாயிரம் வருஷமாகக் கிரீடத்தின்மேல் ஏறி வந்த பெயர் கிரீடங்களோடு உதிர்ந்தது. காலண்டரில் ஏறிய பெயர் மட்டும் உதிரவில்லை.

அந்தப் பெயர்களுக்கும் இப்பொழுது யார் எஜமானர்? அகஸ்டஸின் மாதத்திலேதான், 1942-இல், ‘வெள்ளையனே வெளியேறு’ என்ற குரல் எழுந்தது. அவனுடைய மாதத்தின் பதினைந்தாம் நாளிலேதான் 1947-இல் நாம் விடுதலை பெற்றோம். ஆகஸ்டு என்றதும் நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் சக்கரவர்த்தி எவனும் நினைவுக்கு வருவதில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் கொடி ஏறும் காலைப்பொழுதும், கையில் விழும் மிட்டாயுமே நினைவுக்கு வருகின்றன. பெயரை இட்டவர்கள் மன்னர்கள். அதற்குப் பொருளை இட்டவர்கள் மக்கள்.