விலைகொடுத்து வாங்கப்பட்ட ஐயம்

ஐயம் அறிவுக்குப் பகையன்று. வினவிச் சோதித்துத் தெளிவதே விஞ்ஞானத்தின் வழி. எனினும் தெளிவடைவதற்காக எழும் ஐயம் ஒன்று. தெளிவைத் தள்ளிப்போடுவதற்காக எழுப்பப்படும் ஐயம் மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு, புகைபிடிப்போரின் அருகிலிருப்பவர்கள் சுவாசிக்கும் புகையைப் பற்றிய விவாதம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1981 ஜனவரியில், டோக்கியோ தேசியப் புற்றுநோய் மையத்தைச் சார்ந்த டகேஷி ஹிராயாமா என்பார் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார். புகைபிடிக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததன் பயன் அது. கணவன் புகைக்கும் அளவு கூடக்கூட மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயமும் கூடுகிறது என்று அவர் கண்டார்.

புகையிலைக் கம்பெனிகள் இதற்கு அஞ்சியதேன்? புகைப்பவன் தன் விருப்பப்படியே புகைக்கிறான் என்பது அவர்களுடைய பழைய வாதம். மனைவியும் குழந்தையும் அவ்வாறு விரும்பித் தெரிந்துகொண்டவர்கள் அல்லர். அவர்களுக்குத் தீங்கு உண்டெனில், பொது இடங்களில் புகைப்பதைக் கட்டுப்படுத்துவது அரசின் கடமையாகிவிடும்.

எனவே அமெரிக்கப் புகையிலைக் கழகம் ஹிராயாமாவின் கணக்கில் பிழை உண்டெனப் பத்திரிகை விளம்பரங்கள் வாயிலாகப் பரப்பியது. அவ்வாண்டிலேயே ஒரு கம்பெனியில் எழுதப்பட்ட உள் குறிப்போ, ஹிராயாமாவின் முடிவு சரியே என ஜெர்மானிய, பிரிட்டிஷ் புகையிலைத் தொழிலின் நிபுணர்கள் கருதியதைப் பதிவு செய்கிறது. வெளியே ஒரு சொல், உள்ளே வேறொரு சொல்.

கண்டனத்தோடு நில்லாமல், எதிர்ச் சான்றுகளைத் தேடவும் முற்பட்டனர். 1988இல் மூன்று பெரிய கம்பெனிகள் உட்புறக் காற்று ஆராய்ச்சிக்கென ஒரு மையத்தை நிறுவின. புகைக்கும் ஜப்பானிய மனைவியர் சிலர் தம்மைப் புகைக்காதவர் எனச் சொல்லியிருக்கலாம் என்று காட்ட முயன்ற ஆய்வொன்று, தொழிலின் பணவுதவியுடன் நடைபெற்று, அத்தொழிலின் ஆலோசகர் ஒருவரின் பெயரில் 1995இல் வெளியாயிற்று. 1993இல் பிலிப் மாரிஸ் கம்பெனி, மக்கள் தொடர்பு நிறுவனமொன்றின் துணையோடு, ‘நேரிய விஞ்ஞானம்’ என்பதைக் கொள்கையாக அறிவித்த ஒரு கூட்டணியை உருவாக்கியது. புகையிலையின் பெயர் முன்னிற்காதபடி வேறு பல பிரச்சினைகளும் அதன் நோக்கத்தில் சேர்க்கப்பட்டன.

அதே 1993 ஜனவரியில், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி, பிறர் விடும் புகையைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளென அறிவித்தது. புகைக்காத அமெரிக்கர்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 பேர் இதனால் நுரையீரல் புற்றுநோயில் இறப்பதாகவும் மதிப்பிட்டது. கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. 1998இல் ஒரு நீதிபதி அறிக்கையின் முக்கியப் பகுதிகளை நீக்கினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் அத்தீர்ப்பை நீக்கியது. இதற்குள் ஒன்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

1998இல் மாநிலங்களோடு ஏற்பட்ட பெரிய உடன்படிக்கையின்படி உட்புறக் காற்று மையம் கலைக்கப்பட்டது. கம்பெனிகளின் உள் ஆவணங்களும் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. இப்புகையின் தீங்கைக் குறித்தும் கம்பெனிகள் மக்களை ஏமாற்றின என்று நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 2006 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். பொதுச் சுகாதாரக் கொள்கைகளைப் புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து காக்கவேண்டும் என்பது 2003இல் ஏற்கப்பட்ட உலகச் சுகாதார ஸ்தாபன உடன்படிக்கையின் ஒரு பிரிவாகவே அமைந்துள்ளது.

இதிலிருந்து நாம் கற்பதென்ன? ஒருவர் பணம் பெற்றார் என்பதனாலேயே அவரது ஆய்வு பொய்யாகிவிடாது. ஹிராயாமாவின் ஆய்வும் சோதிக்கப்படவேண்டியதே. பிற நாட்டு ஆய்வுகளும் சேர்ந்த பின்னரே முடிவு உறுதிப்பட்டது. ஆனால் ஐயத்தை எழுப்புகிறவரிடம் சில கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். ஆய்வுக்குரிய கேள்வியைத் தெரிந்தெடுத்தவர் யார்? விரும்பாத முடிவு வந்தால் அதை வெளியிட அவருக்கு உரிமை உண்டா? அறைக்குள் சொல்வதையே அவர் வெளியிலும் சொல்கிறாரா?

கணக்கில் பிழை உண்டா என்ற விவாதம் நீடித்த ஆண்டுகளிலெல்லாம் மனைவியரும் பிள்ளைகளும் அதே அறையில் அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தனர். தாமதத்தின் விலையை அவர்களே செலுத்தினர் என்பதை நாம் மறத்தலாகாது.